தலைமாட்டில் நிற்பவர்

அன்புச் சகோதரிக்கு,

சேலத்தில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, நான்கு ஆண்டுகள் பிரசவ வார்டில் வேலை பார்த்துவிட்டு, கணவரின் வேலை விசாவில் லண்டன் வந்திருக்கிறீர்கள். மகன் இப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். பெண்களின் இனப்பெருக்க நல மருத்துவ மையம் ஒன்றில் வாரம் 20 மணி நேரத்துக்கு ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அங்கே உண்மையில் என்ன வேலை? நர்ஸாக இருந்தவள் உதவியாளராகப் போவது ஆயா வேலைக்கு இறங்குவதாகிவிடாதா? கருக்கலைப்பும் நடக்கும் இடம் என்கிறார்களே, மனம் ஒப்பாவிட்டால் என்ன செய்வது?

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் ஒரு ஜி.பி. சர்ஜரி, அதாவது குடும்ப மருத்துவர் நிலையம், பிறகு மருத்துவமனையின் மகளிர் புறநோயாளர் பிரிவு, இப்போது நீங்கள் பார்த்ததைப் போன்ற ஒரு மையம். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருவதும் இப்போது என் பொறுப்பு. உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லப் போவதில்லை. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

காலை ஏழரைக்கு உள்ளே போவேன். குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துவைப்பது, அவசரச் சிகிச்சைத் தள்ளுவண்டியைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது, பரிசோதனைப் படுக்கையில் புதுக் காகிதம் விரிப்பது, உள்பரிசோதனைக்கான ஸ்பெகுலம் கருவி எல்லா அளவிலும் இருக்கிறதா என்று பார்ப்பது என்று முதல் அரை மணி நேரம் போய்விடும். பிறகு ஒவ்வொருவராக அழைப்போம். காத்திருப்புக் கூடத்தில் முதல் பெயரை மட்டும்தான் சொல்வேன். பிறந்த தேதி, முகவரி, எதற்காக வந்திருக்கிறார் என்பதெல்லாம் கதவைச் சாத்திய பிறகுதான். ஊர் மருத்துவமனையில் கூடம் முழுக்கக் கேட்கும்படி "யாரம்மா டி.என்.சி. கேஸ்?" என்று கூப்பிட்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

உள்ளே வந்ததும் உயரம், எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்ப்பேன். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின். பால்வினைத் தொற்றுப் பரிசோதனைக்கான குச்சியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் தாங்களே கழிவறைக்குப் போய் எடுத்துவந்துவிடுவார்கள். மாதிரிக் குப்பியில் பெயர் ஒட்டுவது அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே நடக்க வேண்டும், அவரிடமே பிறந்த தேதியைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். நான்கு குப்பிகளைச் சேர்த்துவைத்துப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒருவரின் முடிவு இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

தமிழ்ப் பெண்களிடம் ஒரு கேள்வியை நான் மிகவும் கவனமாகக் கேட்பேன். கடைசி மாதவிலக்கு எப்போது? கருவின் வயது இரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனால் நம் பெண்களில் பலர் தலைக்குக் குளித்த நாளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்று சொல்லும்போதும் அந்தக் கணக்கே மனதில் இருக்கும். மூன்று நாளோ ஐந்து நாளோ வித்தியாசம் வரும். பத்து வாரம் என்ற எல்லைக்கு அருகில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஐந்து நாள் சிறிய விஷயமில்லை, எந்தச் சிகிச்சை முறை கிடைக்கும் என்பதே அதைப் பொறுத்து மாறலாம். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தாலும் இந்த நுணுக்கம் நழுவிப்போவதைப் பார்த்திருக்கிறேன். "குளித்த நாளா, பட்ட நாளா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஸ்கேன் அறையில் திரை அந்தப் பெண்ணின் பார்வைக்குப் படாதபடி திருப்பி வைக்கப்பட்டிருக்கும். பார்க்க விரும்புகிறாரா, படம் வேண்டுமா, இரட்டைக் கரு என்றால் சொல்ல வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்போம். சிலர் பார்க்க வேண்டும் என்பார்கள், சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்க வேண்டும். "வாழ்த்துகள்" என்று சொல்லக் கூடாது, "அடடா" என்றும் சொல்லக் கூடாது. குழந்தை என்ற சொல்லை அவர் பயன்படுத்தினால் நானும் பயன்படுத்துவேன். கரு என்றோ கர்ப்பம் என்றோ அவர் சொன்னால் அதுவே என் சொல். அவருடைய சொல்லைத் திருத்தும் உரிமை எனக்கு இல்லை.

இங்கிலாந்தில் இன்று பெரும்பாலான கருக்கலைப்புகள் மாத்திரையால்தான் நடக்கின்றன. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், பத்து வாரத்துக்கு உட்பட்ட கர்ப்பங்களுக்குத் தொலைபேசி ஆலோசனைக்குப் பிறகு இரண்டு மருந்துகளையும் வீட்டிலேயே உட்கொள்ளலாம் என்று தற்காலிக அனுமதி தந்தார்கள். 2022-இல் நாடாளுமன்றம் அதை நிரந்தரமாக்கியது. அதனால் மையத்துக்கு நேரில் வருபவர்களில் பலர் ஏதோ ஒரு காரணத்தால் அந்த வழி பொருந்தாதவர்கள். வாரம் அதிகமாகியிருக்கும், உடல்நிலைச் சிக்கல் இருக்கும், வீட்டில் தனிமை கிடைக்காது, அல்லது வீடே பாதுகாப்பில்லாத இடமாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டு அவர்களைப் பாருங்கள்.

உறிஞ்சு முறையில் செய்யும் சிகிச்சையின்போதுதான் உங்கள் வேலையின் மையம் தெரியவரும். மயக்க மருந்து இல்லாமல், கருப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்வது உண்டு. மருத்துவரும் நர்ஸும் கால்மாட்டில் இருப்பார்கள். நீங்கள் தலைமாட்டில். சில நிமிடங்கள்தான், ஆனால் படுத்திருப்பவருக்கு அவை நீண்டவை. அங்கே உங்கள் கையில் எந்தக் கருவியும் இருக்காது. அவர் கை உங்கள் கையில் இருக்கும், அவர் கண் உங்கள் முகத்தில் இருக்கும். பேச விரும்புகிறவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒரு பெண்ணும் நானும் அந்த நேரம் முழுவதும் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். வேறு சிலருக்கு மௌனம்தான் வேண்டும், மூச்சை மட்டும் அவர்களோடு சேர்ந்து மெதுவாக இழுத்துவிட்டால் போதும். முகம் வெளிறுகிறதா, வியர்க்கிறதா, உதடு உலர்கிறதா என்பதை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான். "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று அவர் வாய்க்குள் முனகினால் அதை உரக்கச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

அந்தரங்கப் பரிசோதனையின்போது அறையில் நிற்கும் பயிற்சி பெற்ற சாட்சியை இங்கே ஷாப்பரோன் என்கிறார்கள். ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்களின் வேலையில் பெரும்பகுதி இது. மருத்துவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டல்ல, ஷாப்பரோன் வேண்டுமா என்று நோயாளியிடம் கேட்டே ஆக வேண்டும். அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். கூட வந்த உறவினர் இதற்கு ஈடாக மாட்டார். பரிசோதனை தெரியும்படியான இடத்தில் நிற்க வேண்டும், திரைக்கு வெளியே நின்றுகொண்டு கையெழுத்து மட்டும் போடக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஓர் இடத்தில், நெருக்கடி நேரங்களில் உள்ளே வராமலேயே "ஷாப்பரோன் இருந்தார்" என்று பதிவு செய்யும் வழக்கம் இருந்தது. ஒரு நாள் என் பெயரை அப்படி எழுதியிருந்ததைப் பார்த்து, அதை அடித்துத் திருத்தும்படி கேட்டேன். சில வாரங்கள் அங்கே யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று அதே நிலை வந்தாலும் அதையே செய்வேன். சாட்சி இல்லாத இடத்தில் சாட்சி இருந்ததாக எழுதுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

சிகிச்சை முடிந்த பிறகு ஓய்வு அறை. கால் மணிக்கொரு முறை இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு எவ்வளவு என்று அணையாடையைப் பார்ப்பது, தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பது. பிரசவ வார்டில் இருந்தவர் என்பதால் இது உங்களுக்கு எளிது. வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவற்றை ஒவ்வொருவரிடமும் முதன்முறையாகச் சொல்வது போலச் சொல்லுங்கள். பெரிய அணையாடை இரண்டு ஒரு மணி நேரத்தில் முழுவதும் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே தொடர்ந்தால் உடனே அழைக்க வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், தாங்க முடியாத வலி இருந்தாலும் அழைக்க வேண்டும். அடுத்த கருமுட்டை எட்டு நாளிலேயே வெளிப்படலாம் என்பதை நர்ஸ் விளக்குவார், கருத்தடை முறைகளைப் பற்றியும் பேசுவார். அங்கே உங்கள் வேலை வற்புறுத்தல் நடக்காமல் பார்ப்பது. கையில் தோலுக்கடியில் பொருத்தும் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளுங்கள், காப்பர்-டி வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரையும் நெருக்கக் கூடாது. நம் ஊரில் பிரசவ மேசையிலேயே காப்பர்-டி வைத்துவிட்டு அனுப்பியதாகச் சொன்ன பெண்களை நான் இங்கே சந்தித்திருக்கிறேன். அவர்கள் அதை மறக்கவில்லை.

வெளியேற்றப்பட்ட திசுவைக் கையாளும் வேலையும் சில இடங்களில் உங்களுக்கு வரும். இதை மறைத்துவைத்து உங்களைச் சேரச் சொல்ல மாட்டேன். அதைத் தனியாக, மரியாதையாக வைக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்குத் தகனம், அடக்கம் போன்ற விருப்பம் ஏதும் இருந்தால் அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். முதல் சில முறை கை நடுங்கும். உடன் ஒரு மூத்தவர் இல்லாமல் அதைச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது மனசாட்சிக் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கான கருக்கலைப்புச் சட்டம் 1967-இல் நிறைவேறி, 1968 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு ஒப்புதல் தர வேண்டும். பெரும்பாலான காரணங்களுக்கு 24 வாரம் எல்லை. இந்தியாவில் 1971-இலேயே சட்டம் வந்துவிட்டதால் இதில் உங்களுக்குப் புதுமை இருக்காது. அந்த 1967 சட்டத்தின் நான்காம் பிரிவு, மனசாட்சி ஒப்பாதவர் சிகிச்சையில் பங்கேற்க மறுக்கலாம் என்கிறது. ஆனால் பெண்ணின் உயிரைக் காக்கவோ கடுமையான நிரந்தரப் பாதிப்பைத் தடுக்கவோ வேண்டிய நேரத்தில் மறுக்க முடியாது.

பங்கேற்பு என்றால் எதுவரை? இரண்டு தீர்ப்புகள் இதைத் தெளிவாக்கியிருக்கின்றன. சால்ஃபோர்டு நகரில் ஒரு மருத்துவ நிலையச் செயலர், கருக்கலைப்புப் பரிந்துரைக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய மறுத்தார். 1988-இல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்த மறுப்பை ஏற்கவில்லை. பிறகு கிளாஸ்கோவில் இரண்டு பேறுகாலச் செவிலியர்கள், இத்தகைய சிகிச்சையில் இருக்கும் மற்றவர்களை மேற்பார்வையிடவும் மறுக்க முடியுமா என்று வழக்குத் தொடர்ந்தார்கள். 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையில் நேரடியாகக் கைவைத்துச் செய்வது மட்டுமே இந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்றது. ஆகவே சிகிச்சை அறையில் உதவ மறுக்க இடமுண்டு, வரவேற்பில் அழைப்பதையும் தேநீர் கொடுப்பதையும் இந்தப் பிரிவைக் காட்டி மறுக்க முடியாது.

சட்டம் இப்படி. என் கருத்து வேறு ஓர் இடத்திலிருந்து வருகிறது. மனம் ஒப்பவில்லை என்றால் இந்த வேலைக்கு விண்ணப்பிக்காதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் உள்ளே வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்வதை என்னால் மதிக்க முடியாது. படுத்திருக்கும் பெண் அதை உடனே உணர்ந்துவிடுவார். பல நாள் அழுது, யாரிடமும் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி வந்திருப்பவருக்கு உங்கள் தீர்ப்பு தேவையில்லை. கருக்கலைப்புப் பிரிவு உங்களுக்கு வேண்டாம் என்றால் கருப்பை வாய்ப் பரிசோதனைப் பிரிவு இருக்கிறது, குழந்தையின்மைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கான மையங்கள் இருக்கின்றன. 25 முதல் 64 வயது வரையான பெண்களுக்கு இந்த நாட்டில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்னறிதல் பரிசோதனைக்கு அழைப்பு வருகிறது, நம் பெண்கள் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலேயே ஒதுக்கிவைக்கிறார்கள். அந்தப் பரிசோதனை மாதிரியை எடுக்க உங்களுக்கு அனுமதி இருக்காது, பதிவு பெற்றவர்கள்தான் எடுக்கலாம். ஆனால் பயந்து எழுந்து போகவிருந்த பெண்ணை இருக்கையில் உட்காரவைப்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் உதவியாளரின் குரல்தான்.

நானும் தொடக்கத்தில் தயங்கியவள்தான். என் தயக்கம் எந்த வாதத்தாலும் தீரவில்லை. வேண்டி விரும்பிச் சுமந்த கரு தங்காமல் போன பெண்ணுக்கும், வேண்டாத கர்ப்பத்தோடு வந்த பெண்ணுக்கும் ஒரே அறையில், ஒரே மருந்தைக் கொடுத்த ஒரு நாளில், இருவர் கையும் ஒரே மாதிரி சில்லிட்டிருந்ததைப் பிடித்துப் பார்த்த பிறகு எனக்குள் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. உங்களுக்கு அப்படி நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

மைய வாசலில் கூட்டமாக நின்று படங்களைக் காட்டுவார்களே என்று உங்கள் கணவர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. ஜெபமாலையோடு நிற்பவர்களைக் கடந்து தலையைக் குனிந்துகொண்டு வரும் பெண்களை நானே வாசலில் போய் அழைத்துவந்திருக்கிறேன். 2024 அக்டோபர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய மையங்களைச் சுற்றி 150 மீட்டருக்குள் வருபவர்களையும் பணியாளர்களையும் தடுப்பதும் தொந்தரவு செய்வதும் முடிவை மாற்ற முயல்வதும் குற்றம். ஸ்காட்லாந்தில் 200 மீட்டர், அங்கே ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது.

நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் தமிழ் பேசுபவர் என்பது இந்த வேலையில் பெரிய பலம், அதே அளவுக்கு ஆபத்தும்கூட.

கணவரோ மாமியாரோ கூட வந்து "அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் சொல்கிறேன்" என்பார்கள். இங்கே விதி தெளிவாக இருக்கிறது. குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது, ஒவ்வொரு பெண்ணையும் சிறிது நேரமாவது தனியாகப் பார்க்க வேண்டும். அந்தத் தனிமையில்தான் கேட்பார்கள், இது உங்கள் முடிவா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று. பெண் குழந்தை என்று தெரிந்ததும் வந்தவர்கள் உண்டு. கருவைக் கலைக்க வேண்டாம் என்று மனதுக்குள் கதறிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, கலைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் வீட்டாரின் தடையோடு வந்தவர்களும் உண்டு. கணவரை வெளியே உட்காரவைப்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், "அண்ணா, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று நம் பழக்கத்தில் சொல்லத் தோன்றும். உறவுமுறை வைத்துக் கூப்பிடாதீர்கள். "எல்லா நோயாளிகளுக்கும் இதுதான் நடைமுறை" என்று சொல்லிக் கதவைக் காட்டுங்கள். உறவு சொல்லிவிட்டால் அவர் உங்களிடம் உரிமை எடுத்துக்கொள்வார்.

இலங்கைத் தமிழ்ப் பெண்களிடம் கூடுதல் கவனம் தேவை. அந்நாட்டில் இன்னும் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம்தான், தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. அதனால் இங்கே பல ஆண்டுகளாக வாழ்பவர்கூட "பொலிசுக்குப் போகுமோ, விசாவுக்குப் பிரச்சினை வருமோ" என்று நடுங்கிக்கொண்டு வருவார். சட்டப்படி நடக்கும் சிகிச்சை இது என்று தமிழில் ஒரு வரி கேட்டதும் அவர் தோள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு யாராவது வேண்டும் என்று சொல்லும் தமிழ்ப் பெண்களும் உண்டு. ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஹாரோவிலோ நம் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள், இன்று பரிசோதனை அறையில் பார்த்தவரை நாளை காய்கறிக் கடையில் பார்ப்பீர்கள். அவர் கேட்டால் உடனே விலகிக்கொள்ளுங்கள், காரணம் கேட்காதீர்கள். வெளியே பார்த்தால் அவர் முதலில் சிரிக்கும் வரை நீங்கள் சிரிக்கக் கூடாது. கணவரிடம்கூட "இன்று ஒரு திருநெல்வேலிப் பெண் வந்தார்" என்று சொல்லக் கூடாது. ஊர்ப் பெயர் ஒன்றே போதும், நம் சமூகத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளராக உங்களை நிறுத்த நினைத்தாலும், நிறுவனம் எழுத்துபூர்வமாக அனுமதித்திருக்கிறதா என்று கேட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தை விளக்குவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் வேலை.

ஆயா வேலையா என்று கேட்டீர்கள். படுக்கையைத் துடைக்கிறோம், அணையாடையைப் பார்க்கிறோம், வாந்தியைப் பிடிக்கிறோம். ஆயாம்மாக்கள் செய்வதும் இதுதான். உங்கள் பிரசவ வார்டில் இரவு முழுவதும் தாய்மார்களின் இடுப்பை நீவிவிட்டவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வேலையைத் தாழ்வாக நினைப்பவர் இங்கே நல்ல உதவியாளராக முடியாது. சில நர்ஸ்கள் இந்த வேலைக்கு வந்து மனம் உடைவது துடைப்பதால் அல்ல, தெரிந்ததைச் செய்ய முடியாததால்தான். உங்களுக்கு ஊசி போடத் தெரியும், ட்ரிப் ஏற்றத் தெரியும், இரத்தப்போக்கு அதிகமானால் என்ன மருந்து என்றும் தெரியும். ஆனால் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் மன்றத்தில், அதாவது என்.எம்.சி.யில், பதிவு பெறும் வரை அவற்றில் எதையும் நீங்கள் தொடக் கூடாது. நோயாளியிடம் நர்ஸ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளவும் கூடாது. கண்ணால் பார்த்ததை உடனே சொல்லலாம், உரக்கச் சொல்லலாம். அங்கே உங்கள் படிப்பு பயன்படும்.

அந்தப் பதிவுக்கு இந்த வேலையே ஒரு படியாக இருக்கலாம். 2023 பிப்ரவரியில் என்.எம்.சி. ஆங்கிலத் தேர்வு விதிகளைத் தளர்த்தியது. ஆங்கில வழியில் நர்ஸிங் படித்தவர்களும், தேர்வில் சிறிய வித்தியாசத்தில் மதிப்பெண் தவறியவர்களும், இங்கே சுகாதாரத் துறையில் ஓராண்டாவது வேலை செய்திருந்தால், மேலாளர் தரும் சான்றைத் துணை ஆதாரமாகக் காட்டலாம். ஆகவே சேர்ந்த நாளிலிருந்தே மேலாளரிடம் உங்கள் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் தனியாக இருக்கின்றன.

சேர்வதற்கு என்ன வேண்டும் என்பது எளிது. ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்டுக்கு அரசுப் பதிவு எதுவும் இல்லை. குற்றப் பின்னணிச் சரிபார்ப்பில் உயர்நிலைச் சான்று கேட்பார்கள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், ஊரிலிருந்தும் நன்னடத்தைச் சான்று கேட்கக்கூடும் என்பதால் அதை இப்போதே வாங்கத் தொடங்குங்கள். சேர்ந்த பிறகு, 2015-இல் இங்கிலாந்தில் அறிமுகமான கேர் சர்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சியை வேலை பார்த்துக்கொண்டே முடிக்கச் சொல்வார்கள். என்.எச்.எஸ்., அதாவது அரசுச் சுகாதார சேவை என்றால் பேண்ட் 2 அல்லது பேண்ட் 3 என்ற படிநிலையில் சம்பளம். முழு நேரம் என்பது வாரம் 37.5 மணி நேரம், நீங்கள் செய்யும் 20 மணி நேரத்துக்கு அந்த விகிதத்தில் சம்பளமும் விடுப்பும் கிடைக்கும். 1968-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய பி.பி.ஏ.எஸ்., முன்பு மேரி ஸ்டோப்ஸ் என்று அறியப்பட்ட எம்.எஸ்.ஐ. போன்ற தொண்டு அமைப்புகள் என்.எச்.எஸ். செலவில் சிகிச்சை தருகின்றன, ஆனால் அவற்றின் சம்பள அளவு தனி. விளம்பரத்தில் வருடச் சம்பளத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் அது முழு நேரத்துக்கானதா என்று பாருங்கள். நீங்கள் சார்ந்தோர் விசாவில் இருப்பதால் தனியாக ஸ்பான்சர் தேவைப்படாது.

நேர்காணலில் மருத்துவ அறிவைவிட நடத்தையைத்தான் சோதிப்பார்கள். "அறையில் ஒரு மருத்துவர் நோயாளியிடம் கடுமையாகப் பேசுகிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் "டாக்டர் சொல்வதைக் கேட்பேன்" என்று சொல்லிவிடாதீர்கள். "பதினைந்து வயதுப் பெண் தனியாக வந்திருக்கிறார், தாய்க்குச் சொல்வீர்களா?" என்று கேட்பார்கள். 1985-ஆம் ஆண்டு கில்லிக் தீர்ப்பின்படி, புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் உள்ள பெண்ணின் இரகசியம் காக்கப்பட வேண்டும், அதே சமயம் அவருக்கு யாராலாவது தீங்கு நேர்கிறதா என்பதைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் முடிவு செய்யாமல், மறைக்காமலும் இருப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மனச்சுமை இருக்கிறது. என்னை வருத்தியவை நான் எதிர்பார்த்தவை அல்ல. இரத்தம் வருத்தவில்லை. "என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரு பெண் கேட்டது பல நாள் கூடவே இருந்தது. தொடக்கத்தில் எல்லோரிடமும் "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பேன். ஒரு பெண் என் கையை உதறிவிட்டு, "என்ன சரியாகும்?" என்றார். மூத்த நர்ஸ் பிறகு என்னை அழைத்து, தெரியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுக்காதே, "நான் இங்கே இருக்கிறேன்" என்று மட்டும் சொல், அது உண்மை என்றார். அன்றிலிருந்து அதைத்தான் சொல்கிறேன். பகுதி நேரம் இந்த வேலைக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். வாரத்தில் மூன்று நாள் முழு மனதோடு நிற்கலாம். ஐந்து நாள் நின்றபோது எனக்கு முகங்கள் மங்கத் தொடங்கின.

உறவினர்களிடம் என்ன சொல்வது என்றால், "பெண்கள் மருத்துவ மையத்தில் உதவியாளராக இருக்கிறேன்" என்பதே உண்மையும் போதுமானதுமாகும். மேற்கொண்டு கேட்பவர்களுக்கு நோயாளிகளின் இரகசியத்தைக் காரணம் காட்டுங்கள்.

விளம்பரத்தின் அடியில் மேலாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் பேசுவதை இங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒரு நாள் பட்டியலில் எத்தனை பேர், அதற்கு எத்தனை உதவியாளர்கள்? கடினமான நாள் முடிந்த பிறகு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள், அந்த நேரம் வேலை நேரத்தில் சேருமா? வேலை ஏழரைக்குத் தொடங்கினால், மகனைப் பள்ளியில் விடும் நாட்களில் ஒன்பதரைக்கு வர முடியுமா? மூன்றாவதுக்கு முடியாது என்று சொன்னால், காலைப் பட்டியலை விட்டுவிட்டுப் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமைக்குப் பெரும்பாலும் ஆள் தேவைப்படும்.